காற்று வாங்கும் குழாய்

நெல் வயலில் எந்திரம் – 17

"எஞ்சின் ஓடுது. தண்ணி ஏறல. எங்கயோ காத்து வாங்குது தம்பி."

இப்படிச் சொல்லிவிட்டு பிட்டர் அண்ணன் வாய்க்கால் கரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கை களிமண்ணை அள்ளிப் பிசைய ஆரம்பிப்பார். பதம் வந்ததும் இரும்புக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் வளையல் போட்ட மாதிரி அப்பிக்கொண்டே போவார். மூன்றாவதிலோ நான்காவதிலோ மண் அப்படியே நிற்காது. ஊசி குத்தினது போல ஒரு சின்னக் குழி விழுந்து உள்ளே இழுபடும். "இந்தா இருக்கான்" என்பார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் குரலில். இன்னும் கொஞ்சம் மண் வைத்து அடைப்பார். காற்றை இறைத்துக்கொண்டு லேசாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குப் பாரம் ஏறும். குரல் தடித்து டப், டப் என்று நிதானத்துக்கு வரும். டெலிவரி குழாயின் வாயில் முதலில் இரண்டு ஏப்பம். பிறகு தண்ணீர்.

1980-களின் தொடக்கத்தில், வெட்டாற்றுக்கும் வெண்ணாற்றுக்கும் நடுவில் என் மாமாவின் வயலில் நான் பலமுறை பார்த்த காட்சி இது. சென்ற வாரம் ஆயில் எஞ்சின் டெல்டாவுக்குள் வந்த கதையை முடித்துவிட்டு, இந்த வாரம் டிராக்டருக்குப் போவதாக இருந்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு வாசகர் கடிதம் வழியை மறித்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கம் பூர்வீகம், தரமணிப் பக்கம் வேலை, கார் எஞ்சினைத் திருத்தி வேகமாக ஓட்டுவதில் பித்து. அவருடைய கேள்வி: "என் காரில் இன்டேக் மேனிஃபோல்டு பிளாஸ்டிக். நண்பர்கள் அலுமினியத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சினில் பிளாஸ்டிக் என்றாலே கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடித்தது என்றுதானே அர்த்தம்? எந்திர வரலாறு எழுதுகிறீர்கள், இதைச் சொல்லுங்கள்."

நெல்லைப் பற்றிய தொடரில் கார் எதற்கு என்று முதலில் ஒதுக்கி வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: இதே வழக்கைத்தான் டெல்டா விவசாயி நாற்பது வருடத்துக்கு முன் தன் வரப்பில் வைத்துத் தீர்த்திருக்கிறான்.

மேனிஃபோல்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. வெளிக்காற்றை வாங்கி நாலு சிலிண்டருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும் கிளைக் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்டு. பம்புக்குச் சக்‌ஷன் குழாய் எப்படியோ எஞ்சினுக்கு இது அப்படி. ஒரே வித்தியாசம், பம்பு காற்று வாங்கினால் வேலை கெட்டது. எஞ்சின் காற்று வாங்காவிட்டால் வேலை கெட்டது.

*

காவிரியில் தண்ணீர் வரும் ஊரில் பூமியைத் துளைத்து எதற்கு உறிஞ்ச வேண்டும் என்ற கேள்வி அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கே இருந்தது. 1934 ஆகஸ்டில் மேட்டூர் அணை திறந்த பிறகு, அதிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடும் ஜூன் 12 என்பது டெல்டாவில் பொங்கல், தீபாவளி மாதிரி ஒரு தேதி. ஆனால் குறுவைக்கு நாற்று விட வேண்டிய காலம் அந்தத் தேதிக்கு முன்னாலேயே வந்துவிடும். ஆறு வறண்டு மணல் கொதிக்கும் வைகாசியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் எங்கே போவது?

1960-61-ல் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் வந்தது. இந்தியாவில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் நம்முடையது ஒன்று. ஊரில் எல்லோருக்கும் அது 'பேக்கேஜ் திட்டம்'. பின்னால் நின்றது அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை. கார் விற்ற பணத்தில் ஹென்றி ஃபோர்டும் மகன் எட்செலும் 1936-ல் தொடங்கியது. இந்தப் பெயர் கீழே வேறு வேடத்தில் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1965-ல் ஏ.டி.டி. 27. ஜப்பானிய நோரின் 10-ஐ நம் ஜி.இ.பி. 24-உடன் கலந்து எடுத்த ரகம், 105 நாளில் அறுப்பு. குறுவையும் அதன்மேல் தாளடியும் என்று இரண்டு போகம் எடுக்கும் ஆசை பெருகியது இந்த ரகத்தால். ஆசைக்கு நாற்றங்கால் வேண்டும், நாற்றங்காலுக்கு மே மாதத் தண்ணீர் வேண்டும். வடிமுனைக் குழாய்க் கிணறு, மக்கள் வாயில் 'பில்டர் பாயிண்ட்', டெல்டாவில் பரவியது அந்தத் தேவையால்.

அமைப்பு எளிமையானது. வண்டல் மண்ணில் முப்பது நாற்பது அடி துளை. உள்ளே ஒரு குழாய். அடிநுனியில் ஓட்டைகள் போட்டுப் பித்தளை வலை சுற்றியிருக்கும். மணலை நிறுத்தி நீரை மட்டும் விடும் அந்த வடிகட்டிதான் 'பில்டர்'. மேலே தரையில் பம்பு, பக்கத்தில் 5 குதிரைச்சக்தி ஆயில் எஞ்சின்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம், உண்மையில் பம்புக்கு இழுக்கத் தெரியாது. குழாய்க்குள் இருக்கும் காற்றைக் குறைத்துவிட்டால், வெளியே பூமியின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று மண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. அதனால் முடிந்தது 34 அடி உயரம், அதுவும் கணக்கில்தான். உரசலும் ஒழுகலும் போக இருபது சொச்சம் அடிக்கு மேல் நம்ப முடியாது. டெல்டாவில் நிலத்தடி நீர் அன்று மேலேயே கிடந்ததால் இந்த ஏற்பாடு ஓடியது.

இந்த இருபது அடிக்குள்தான் இரும்பின் வண்டவாளம் வெளியே வந்தது.

டெலிவரிக் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் பீச்சி அடித்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சக்‌ஷன் குழாயில் விழும் ஓட்டை வெளியே எதையும் காட்டாது. சத்தமில்லாமல் காற்றை உள்ளே விடும். இரும்புக் குழாய்களை மரை போட்டு, சணல் சுற்றி, வெள்ளைப் பசை பூசி முறுக்குவார்கள். எஞ்சின் அதிர அதிரச் சணல் தளரும். அறுவடை முடிந்து ஆறு மாதம் சும்மா கிடந்தால் சணல் காய்ந்து சுருங்கும். அடுத்த வைகாசியில் எஞ்சினைக் கிளப்பினால் எல்லா இணைப்பும் காற்று வாங்கும். மாமா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார், சாணியைக் கரைத்து ஊற்றுவார். சாணி போய் எங்கெங்கே சந்து இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து அடைக்கும் என்பது கணக்கு. பாதி நாள் கணக்கு சரியாகவும் வரும்.

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகை என்று கடலை நெருங்க நெருங்க இன்னொரு வில்லன். உப்பு நீர் இரும்பைத் தின்றது. பித்தளை வலையும் இரும்புக் குழாயும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் ஒரு சின்ன பேட்டரி மாதிரிதான். இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். மேலே இழுத்துப் பார்த்தால் நுனியில் குழாய் இல்லை, துருதான் இருக்கிறது என்று சொன்ன கடலோரக்காரர்கள் நிறையப் பேர்.

*

இரும்புக்குப் பதிலாகப் பி.வி.சி. குழாய் வந்த கதையில் எனக்குப் பிடித்தது அது வந்த வழி.

பி.வி.சி.யின் எடையில் ஏறத்தாழ 57 சதவீதம் குளோரின். குளோரின் உப்பிலிருந்து வருகிறது. மேட்டூர் அணை கட்டி முடிந்த கையோடு, 1936-ல் மேட்டூர் கெமிக்கல்ஸ் அங்கே தொடங்கியது. மின்சாரமும் தண்ணீரும் அருகிலேயே இருந்தன. 1967-ல் அதே மேட்டூரில் கெம்பிளாஸ்ட் பி.வி.சி. செய்ய ஆரம்பித்தது. கூட்டு அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச். 1926-ல் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், யாருக்கும் உதவாமல் கிடந்த பி.வி.சி.யை வளைக்கக்கூடிய பொருளாக மாற்றியது அந்த டயர் கம்பெனியில்தான். கெம்பிளாஸ்டுக்கு உப்பளங்கள் எங்கே என்று கேட்டால், வேதாரண்யத்தில். 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிய அதே வேதாரண்யம்.

ஆக, டெல்டாவின் கடைக்கோடி உப்பு, காவிரி தடுக்கப்படும் இடத்துக்குப் போய், குளோரினாகிப் பிளாஸ்டிக்கில் சேர்ந்தது. அந்தப் பிளாஸ்டிக், குழாயாகி, காவிரி வராத மாதத்தில் தண்ணீர் உறிஞ்ச டெல்டாவுக்கே வந்தது. டெல்டாவில் புதைந்த ஒவ்வொரு குழாயும் மேட்டூர்ச் சரக்கு என்று சொல்லவில்லை. பிற்பாடு எத்தனையோ ஊர்ப் பிசின் வந்தது. ஆனால் வேதாரண்யத்துக்காரரின் குழாயை அரித்த உப்பே, அரிக்காத குழாயாகித் திரும்பி வந்ததை நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பி.வி.சி.க்கு மூலமான வினைல் குளோரைடு ஈரல் புற்றுநோய் உண்டாக்குவதை 1974-ல் உலகம் அறிந்தது குட்ரிச்சின் லூயிவில் ஆலைத் தொழிலாளர்களின் சாவிலிருந்துதான். குழாயைக் கெட்டிப்படுத்தச் சேர்த்த ஈயத்துக்கு இந்தியாவில் கட்டுப்பாட்டு விதி வந்தது 2021-ல். மலிவு என்று நாம் சொன்ன விலையில் இதெல்லாம் சேரவில்லை.

இந்திய தர நிர்ணயம், ஐ.எஸ். 4985, 1968-லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஊரில் நம்பிக்கை வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆனது. "பீப்பி மாதிரி இருக்கு, இதுவா தண்ணி தூக்கும்?" என்பது எங்கள் ஊர்த் தீர்ப்பு. மாமா 1983-ல் மாற்றியதற்குக் காரணம் அறிவியல் எதுவும் இல்லை. கும்பகோணத்திலிருந்து இரும்புக் குழாய் கொண்டுவர மாட்டு வண்டி வேண்டும். பிளாஸ்டிக் குழாயை இரண்டு பேர் சைக்கிள் ஓரமாகக் கட்டி ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார்கள். ஒரே கனத்தில் எடுத்தால் இரும்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

பிட்டர் அண்ணன் அதைப் பொருத்திய விதம் கண்ணில் நிற்கிறது. களத்து மேட்டில் வைக்கோலைப் பிரி முறுக்கிக் கொளுத்தினார். குழாயின் நுனியைத் தீயில் படாமல் அனலில் மட்டும் காட்டி, கறி வாட்டுவது போலத் திருப்பிக்கொண்டே இருந்தார். 80 டிகிரி தாண்டினால் பி.வி.சி. இளகும், அவருக்கு டிகிரி தெரியாது, பளபளப்பு மங்குவது தெரியும். மங்கியதும் எடுத்து, அடுத்த குழாயின் நுனியை அதற்குள் சொருகி, ஈரச் சாக்கால் சுற்றிப் பிடித்தார். ஆறியதும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டது. பிறகு பிரித்து, பசை தடவி, நிரந்தரமாகச் சொருகினார். மரை இல்லை, சணல் இல்லை. அந்த வருடம் களிமண் பிசையும் வேலை பாதியாகக் குறைந்தது.

கூடவே இன்னொன்று நடந்தது. மாமா கேட்காமலே தண்ணீர் கூடியது. அதே எஞ்சின், அதே பம்பு, வாய்க்காலில் தண்ணீர் ஒரு விரற்கடை உயரமாக ஓடியது. "ஊத்துக்கண் திறந்துடுச்சுடா" என்றார் மாமா. ஊற்றுக்கண் அல்ல, உரசல். பழைய இரும்புக் குழாயின் உள்பக்கம் துருவேறிச் சொரசொரத்துக் கிடக்கும். ஒரே அளவு தண்ணீரை ஒரே விட்டமுள்ள குழாயில் அனுப்பினால், துருவேறிய இரும்பில் ஏற்படும் உரசல் இழப்பு வழவழப்பான பி.வி.சி.யில் பாதிதான். விட்டம் அதைவிடப் பெரிய விஷயம்: மூன்று அங்குலக் குழாயை நான்கு அங்குலமாக்கினால் இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும். 1978-ல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், பி.சி.ஆர்.ஏ., நாடு முழுவதும் விவசாயிகளிடம் சொன்னது இதையேதான்: எஞ்சினை மாற்றாதீர்கள், குறுகிய இரும்புக் குழாயை அகலமான பி.வி.சி.யாகவும், தண்ணீரை நெரிக்கும் புட் வால்வை நல்லதாகவும் மாற்றுங்கள், டீசல் மிஞ்சும்.

டீசலுக்குக் காசு கொடுத்தவன் கேட்டான். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமான பிறகு, மோட்டார் வைத்திருந்தவன் உரசலைப் பற்றிக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. இலவசம் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் குழாயின் உள்பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் அதோடு போனது உண்மை.

*

இனி கார்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. பிறகு அலுமினியம், எடை மூன்றில் ஒன்று. இரண்டையும் மணல் அச்சில் வார்ப்பார்கள். மணல் அச்சில் வார்த்த குழாயின் உள்பக்கம் மணலின் சொரசொரப்போடுதான் இருக்கும். ரேஸ் எஞ்சின் செய்பவர்கள் அந்தக் காலத்திலிருந்து அரமும் சாணைக்கல்லும் வைத்து உள்ளே தேய்த்துத் தேய்த்து உயிரை விட்டது இதற்காகத்தான்.

சொரசொரப்பு ஒரு பக்கம் என்றால் நீளம் இன்னொரு பக்கம். வால்வு திறந்து மூடும்போது குழாய்க்குள் காற்றலை ஓடித் திரும்புகிறது. அலை திரும்பி வரும் நேரமும் வால்வு திறக்கும் நேரமும் ஒத்துப்போனால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்று திணிக்கப்படும். நீளக் குழாய் மெதுவான ஓட்டத்துக்கு ஒத்துவரும், குட்டைக் குழாய் வேகமான ஓட்டத்துக்கு. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைபவர்களிடம் கேட்டால் இது பாரி, திமிரி விவகாரம் என்று சிரிப்பார்கள். நீளமான பாரிக்குக் கீழ்ச்சுருதி, குட்டையான திமிரிக்கு மேல்சுருதி. கார்க்காரனுக்கோ இரண்டும் வேண்டும்; பானெட்டுக்குள் இடமும் இல்லை. அப்போது குழாயை நத்தை ஓடு போலச் சுருட்ட வேண்டியிருக்கிறது. சுருண்ட குழாயை, உள்ளே வழவழவென்று, ஆயிரக்கணக்கில் செய்ய மணல் அச்சு தோதுப்படாது.

நைலான் இங்கேதான் உள்ளே வருகிறது. நாகப்பட்டினத்தில் நைலான் என்றால் வலை. கார் தொழிலில் நைலான் 66-உடன் கண்ணாடி இழை கலந்த கெட்டிப் பிளாஸ்டிக். உருகுவதற்கு 260 டிகிரி வேண்டும். அதைச் சுருள் குழாயாக வார்ப்பது எப்படி? அச்சின் உள்கட்டையை வளைந்த குழாய்க்குள்ளிருந்து வெளியே உருவ முடியாதே?

சுவாமிமலைக்குப் போய்ப் பாருங்கள், பாதி பதில் கிடைக்கும். ஸ்தபதி மெழுகில் திருமேனி செய்கிறார். காவிரி வண்டலை அரைத்து அதன்மேல் பூசி, நிழலில் காயவைத்து, வறட்டித் தீயில் சூடாக்குகிறார். மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். மேனிஃபோல்டு செய்தவர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த ஓர் உலோகத்தில் குழாயின் உள்வடிவத்தை வார்த்தார்கள். அந்தக் கலவை 138 டிகிரியிலேயே உருகிவிடும். அதை அச்சுக்குள் வைத்து, மேலே உருகிய நைலானைப் பாய்ச்சினார்கள். ஆறியதும் சூடான எண்ணெய்த் தொட்டியில் முக்கினால் உள்ளே இருந்த உலோகம் உருகி ஓடிவிடும், பிளாஸ்டிக் நிற்கும். இங்கே மெழுகு போய் உலோகம் நிற்கிறது. அங்கே உலோகம் போய் பிளாஸ்டிக் நிற்கிறது. உலோகத்தைவிடச் சூடான நைலானை ஊற்றும்போதே உள்கட்டை உருகிவிடாதா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. உலோகம் சூட்டைச் சட்டென்று உள்ளே பரப்பிவிடுகிறது, நைலானின் சூடு அதற்குப் போதாது. பின்னாளில் இந்த முறை செலவு என்று கைவிட்டு, இரண்டு மூன்று ஓடுகளாக வார்த்து, அவற்றை ஒன்றோடொன்று அதிரவைத்து உரசல் சூட்டிலேயே ஒட்டும் முறைக்குப் பெரும்பாலோர் போய்விட்டார்கள்.

1997-ல் ஜெனரல் மோட்டார்ஸ் புதிய கார்வெட் காரில், 345 குதிரைச்சக்தி கொண்ட எல்.எஸ்.1 எஞ்சினின் தலையில் நைலான் மேனிஃபோல்டை வைத்தது. மலிவுக் கார் இல்லை, அமெரிக்கர்கள் பீற்றிக்கொள்ளும் ஸ்போர்ட்ஸ் கார். எடை அலுமினியத்தில் ஏறக்குறைய பாதி. அலுமினியம் நைலானைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எஞ்சின் சூடு அலுமினியக் குழாய் வழியாக உள்ளே வரும் காற்றுக்கு ஏறிவிடும், நைலான் அதைத் தடுக்கும். காற்று 3 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி ஒரு சதவீதம் குறைகிறது, எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றும் அவ்வளவு குறைகிறது. முழு வேகத்தில் காற்று பறக்கும்போது குழாய்ச் சூட்டை வாங்க அதற்கு நேரமில்லை என்பதும் உண்மை. வித்தியாசம் நன்றாகத் தெரிவது அண்ணாசாலை சிக்னலில் நின்று கிளம்பும்போதுதான்.

அப்படியானால் பிளாஸ்டிக் உடைகிறதே என்று வாசகரின் நண்பர்கள் சொல்வது பொய்யா? இல்லை. ஃபோர்டு இப்போது வருகிறது; இந்த முறை கார் கம்பெனியாக. 1996 முதல் அதன் 4.6 லிட்டர் வி8 எஞ்சின்களில் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு. அமெரிக்காவில் போலீசும் டாக்சிக்காரரும் ஓட்டிய கிரவுன் விக்டோரியா, லிங்கன் டவுன் கார் எல்லாம் இதில் அடக்கம். முன்பக்கத்தில் விரிசல் விட்டுக் கூலண்ட் ஒழுகியது. வழக்கு நடந்தது, கம்பெனி இறங்கி வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் 3800 வி6 எஞ்சினிலும் பிளாஸ்டிக் மேல்பாகம் இளகி, கூலண்ட் சிலிண்டருக்குள்ளேயே இறங்கியது.

எங்கே உடைந்தது என்று பார்க்க வேண்டும். காற்று போகும் வழியில் உடையவில்லை. ஃபோர்டில், கொதிக்கும் கூலண்ட் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் கால்வாயையும் அதே பிளாஸ்டிக்கில் சேர்த்து வார்த்திருந்தார்கள், விரிசல் அங்கே. 3800-ல், எஞ்சின் புகையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சூடான குழாய் பிளாஸ்டிக்கைத் துளைத்துப் போகும் இடத்தில். ஃபோர்டு பிறகு என்ன செய்தது? மேனிஃபோல்டைப் பிளாஸ்டிக்காகவே விட்டுவிட்டு, சுடுதண்ணீர் போகும் அந்த முன்பகுதியை மட்டும் அலுமினியமாக்கியது.

இதைப் படித்தபோது மாமாவின் எஞ்சின்தான் நினைவுக்கு வந்தது. சக்‌ஷன் பிளாஸ்டிக், டெலிவரியும் பிளாஸ்டிக். ஆனால் எஞ்சினின் உடம்பைக் குளிர வைத்துவிட்டு, வெந்நீரை வெளியே விடும் விரல் தண்டிக் குழாய் ஒன்று இருக்கும். கார்த்திகைக் குளிரில் நாங்கள் கை கால் கழுவியது அதில்தான். அது மட்டும் கடைசிவரை இரும்பு. ஒருமுறை செலவு மிச்சம் என்று அதிலும் பி.வி.சி. போட்டு, மத்தியானத்துக்குள் அது வாழைத்தண்டு வதங்கின மாதிரி மடங்கி விழுந்தது. பிட்டர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பழைய இரும்புக் குழாயை எடுத்து மாட்டினார். டெட்ராயிட்டுக்குச் சில கோடி டாலர் செலவில் தெரிந்த பாடம், எங்களுக்கு அரை அடிக் குழாயில் தெரிந்தது.

*

வாசகருக்குப் பதில். உங்கள் கார் கம்பெனி விட்டபடி ஓடினால், அல்லது டர்போ இல்லாமல் கொஞ்சம் திருத்தி ஓடினால், பிளாஸ்டிக்கைக் கழற்றாதீர்கள். குளிர்ந்த காற்றை உறிஞ்சும் வேலைக்கு அதுவே நல்ல பொருள். அலுமினியம் மாட்டினால் பார்வைக்குப் பளபளக்கும், எடை கூடும், சூடு ஏறும். டர்போ வைத்துக் காற்றை அதிக அழுத்தத்தில் திணிக்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது அது உறிஞ்சும் குழாயே இல்லை, ஊதும் குழாய். ஓடுகளை ஒட்டிய தையல் பிரியும். தீ திரும்பி அடித்தால் பிளாஸ்டிக் வெடித்தே போகும். ரேஸ்காரர்கள் அலுமினியத்தை விடாததற்குக் காரணம் அது. இன்னொன்றும் உண்டு: பிளாஸ்டிக் அச்சுக்கு ஆகும் செலவு ஆயிரக்கணக்கில் செய்தால்தான் கட்டும், ஒரே ஒரு மேனிஃபோல்டு செய்பவன் அலுமினியத் தகட்டை வெட்டி வெல்டிங் வைத்துக்கொள்வான், தப்பினால் மறுபடி வெட்டுவான். எதை மாட்டினாலும் இணைப்பு காற்று வாங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் மெக்கானிக் ஸ்பிரே அடித்து எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று கேட்பார். களிமண் வைத்தியத்தின் பேரன்தான் அது.

டெல்டாவில் இந்தச் சக்‌ஷன் கதை இப்போது முடியும் தறுவாயில் இருக்கிறது. தண்ணீர் இருபது அடிக்குக் கீழே இறங்கிய இடங்களில் தரையில் உட்கார்ந்த பம்புக்கு வேலையில்லை. சப்மெர்சிபிள் மோட்டார் ஆழத்துக்கே இறங்கி அங்கிருந்து மேலே தள்ளுகிறது. உறிஞ்ச வேண்டிய குழாயே கிடையாது. மாமாவின் பழைய இரும்புச் சக்‌ஷன் குழாய் மாட்டுக் கொட்டகையில் கழி கட்டும் தூணாகச் சில காலம் நின்று, 2000 வாக்கில் பழைய இரும்புக்குப் போனது. எடை போட்டபோது உள்ளே படிந்திருந்த துருவுக்கும் சேர்த்து அந்த ஆள் காசு கொடுத்தார், பாவம்.

பித்தளை வலை சுற்றிய அந்தக் கால பில்டர் ஒன்றுகூட என் கையில் இப்போது இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் நீளம், விட்டம், வலையின் கண் அளவு மூன்றையும் குறித்து, ஒரு படம் எடுத்து இந்த இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். எந்த ஊர், எத்தனை அடியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். டிராக்டர் அடுத்த வாரம்.